பங்கீட்டில் புகுந்து வாழும் நிறமூர்த்தங்கள்: பூச்சிகளின் கலங்களுக்குள் நடப்பது என்ன?

2008ஆம் ஆண்டில் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களின் பப்பாசி மரங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு பூச்சி பரவத் தொடங்கியது. வன்னியில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பப்பாசியைப் பற்றிய செய்தியைக் கவனிக்கும் நிலையில் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய பப்பாசி வெண்மூட்டுப்பூச்சிதான் அப்போது வந்தது. அதைக் கட்டுப்படுத்த அடுத்த ஆண்டு அசெரோபாகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இந்தக் குளவி வெண்மூட்டுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குடம்பி அந்தப் பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும்.

குளவியும் வெண்மூட்டுப்பூச்சியும் எதிரிகள். ஆனாலும் ஒரு விடயத்தில் இந்த இரண்டு குழுக்களையும் சேர்த்தே பேசவேண்டியிருக்கிறது. உடலுக்கு எந்தத் தேவையும் இல்லாத ஒரு நிறமூர்த்தம், பாடசாலையில் நாம் படித்த கலப்பிரிவு விதிகளுக்கு அடங்காமல், தலைமுறை தலைமுறையாக எப்படிப் பிழைத்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடைகளைத் தந்தவை வெண்மூட்டுப்பூச்சிகளும் குளவிகளும் வெட்டுக்கிளிகளும்தான். ‘பரம்பரையாக வந்தது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லைக் கொஞ்சம் நின்று யோசிக்கவைக்கும் கதை இது.

சரிபாதிப் பங்கீடு

நிறமூர்த்தம் என்பது எங்கள் உயர்தர உயிரியல் புத்தகங்களில் உள்ள சொல். இணையத்தில் தேடுபவர்கள் குரோமோசோம் என்று தேடுவார்கள். இரண்டும் ஒன்றுதான். உடலை உருவாக்கவும் இயக்கவும் தேவையான தகவல்களைச் சுமக்கும் டிஎன்ஏ இழை, புரதங்களோடு சேர்த்துச் சுற்றிக் கட்டப்பட்ட பொதி அது. மனிதருக்கு 23 சோடி. பழ ஈக்கு 4 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வருகிறது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும் முன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப்போல ஒரு பிரதியை ஆக்கிக்கொள்ளும். பிறகு கலத்தின் இரு முனைகளிலிருந்தும் கதிர் நார்கள் நீண்டுவந்து நிறமூர்த்தங்களைப் பற்றி எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். இழுபறி சமநிலைக்கு வந்ததும் பிரதிகள் பிரிந்து முனைக்கு ஒன்றாகப் போகும். உடற்கலங்களில் நடக்கும் இதனை இழையுருப்பிரிவு என்கிறோம். விந்தும் முட்டையும் உருவாகும் ஒடுக்கற்பிரிவில் முதலில் சோடிகள் பிரியும், பின்னர் பிரதிகள் பிரியும். முடிவில் ஒவ்வொரு விந்திலும் முட்டையிலும் பாதி எண்ணிக்கையே இருக்கும். சோடியில் எது போகும் என்பது நாணயத்தைச் சுண்டிப்போடுவது போன்றது. இரண்டுக்கும் சம வாய்ப்பு.

இந்தப் பங்கீடு சரியாக நடக்கிறதா என்று கலம் சோதித்தும் பார்க்கிறது. அந்தச் சோதனையின் ஒரு முக்கிய இரகசியத்தை வெளிப்படுத்தியது கும்பிடுபூச்சி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ், கும்பிடுபூச்சியின் விந்தாக்கக் கலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். சோடி சேராத ஒரு நிறமூர்த்தம் ஒரு முனையில் மட்டும் பற்றப்பட்டுத் தனித்து நின்றால், அந்தக் கலம் பிரியாமல் மணிக்கணக்காகக் காத்திருந்தது. நிக்லஸும் அவரது சக ஆய்வாளரும் மிக மெல்லிய கண்ணாடி ஊசி ஒன்றால் அந்தத் தனி நிறமூர்த்தத்தை மறுபக்கம் இழுத்துப் பிடித்தார்கள். கலம் பிரியத் தொடங்கியது. இரு பக்கமும் சரியாக இழுபடுகிறதா என்பதைத்தான் கலம் பார்க்கிறது என்பதை 1995இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் எல்லாப் பூச்சிகளிலும் இந்தக் காவல் ஒரே அளவு கடுமையானதல்ல. தத்துவெட்டி என்று நாம் சொல்லும் வெட்டுக்கிளிகளில் ஆணுக்கு ஒரேயொரு எக்ஸ் நிறமூர்த்தம்தான் உண்டு. சோடி இல்லாத அந்த எக்ஸ் தனியாகவே ஒரு முனைக்குப் போகும். கலம் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே சோடியில்லாத ஒன்று கடந்துபோக இயற்கையில் ஏற்கெனவே வழி இருக்கிறது.

தேவையானதன் மேலதிகம்

மேலதிக நிறமூர்த்தம் என்றதும் பலருக்கு டவுண் சிண்ட்ரோம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் விளங்கிக்கொள்ளும் வழி ஒரு பூச்சியிலிருந்துதான் திறந்தது.

நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கனின் ஆய்வுகூடத்தில் பழ ஈக்களை வளர்த்துக்கொண்டிருந்தவர் கல்வின் பிரிட்ஜஸ் என்ற இளைஞர். வெண்கண் பெண் ஈயை செங்கண் ஆண் ஈயோடு சேர்த்தால், மகள்கள் எல்லாம் செங்கண்ணோடும் மகன்கள் எல்லாம் வெண்கண்ணோடும் பிறக்கவேண்டும். கண் நிறத்துக்கான பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதே காரணம். ஏறத்தாழ 2,000 ஈக்களுக்கு ஒன்று என்ற அளவில் இந்த விதி பிழைத்தது. தாயைப் போலவே வெண்கண் மகள்களும் தந்தையைப் போலவே செங்கண் மகன்களும் இடைக்கிடை பிறந்தார்கள்.

தாயின் முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ்களும் பிரியாமல் ஒரே பக்கம் போயிருக்கவேண்டும் என்று பிரிட்ஜஸ் கணித்தார். அப்படியானால் அந்த வெண்கண் மகளின் கலங்களில் இரண்டு எக்ஸும் ஒரு வையும் இருக்கவேண்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அப்படியே இருந்தது. பரம்பரை அலகுகள் நிறமூர்த்தங்களில்தான் இருக்கின்றன என்பதற்கு அது அசைக்கமுடியாத சான்றானது. 1916இல் ‘ஜெனெடிக்ஸ்’ சஞ்சிகையின் முதலாவது இதழே அவரது அந்தக் கட்டுரையோடுதான் தொடங்கியது.

1959இல் பரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமொண்ட் துர்ப்பான் ஆகியோர் டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஒரு மேலதிக நிறமூர்த்தம் இருப்பதை அறிவித்தார்கள். அது பழ ஈயில் பிரிட்ஜஸ் கண்ட அதே வகைத் தவறின் விளைவு. பெரும்பாலும் முட்டை உருவாகும்போது 21ஆவது சோடி பிரியாமல் போவதால் நேர்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அதனால்தான் தாயின் வயதோடு இந்த வாய்ப்பும் கூடுகிறது. எங்கள் ஊர்களில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தாய் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், யாருடைய பாவம் என்றெல்லாம் கேட்பார்கள். கதிர் நார்கள் ஒரு சோடியைப் பிரிக்கத் தவறிய அந்தக் கணத்தில் தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை.

தேவையே இல்லாத மேலதிகம்

டவுண் சிண்ட்ரோமிலும் பிரிட்ஜஸின் ஈயிலும் கூடுதலாக இருப்பது, உடலுக்குத் தேவையான ஒரு நிறமூர்த்தத்தின் இன்னொரு பிரதி. இரண்டாவது வகை வேறு. அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் பீச்சர் வில்சன், மெட்டபோடியஸ் என்ற, தாவரச் சாறு குடிக்கும் பூச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த பூச்சிகளிடையே நிறமூர்த்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபட்டது. சிலவற்றில் சிறிய மேலதிக நிறமூர்த்தங்கள் இருந்தன, சிலவற்றில் இல்லை. இரண்டு வகைப் பூச்சிகளும் ஒரேமாதிரியே வாழ்ந்தன. 1907இல் அவர் இதை வெளியிட்டார்.

பின்னர் 1928இல் சோளத்தில் இதே போன்றவற்றைக் கண்ட ராண்டொல்ஃப், வழமையான நிறமூர்த்தங்களை ‘ஏ’ என்றும் மேலதிகமானவற்றை ‘பீ’ என்றும் அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. தாவரங்கள், விலங்குகள், பங்கசுக்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் பீ நிறமூர்த்தங்கள் இன்று அறியப்பட்டுள்ளன.

பீ நிறமூர்த்தம் ஏ நிறமூர்த்தங்களோடு சோடி சேராது. அது இல்லாமலே உயிரினம் நன்றாக வாழும். எண்ணிக்கை கூடினால் பல இனங்களில் அது பாரமாகவும் ஆகிறது. அப்படியானால் அது எப்போதோ காணாமல் போயிருக்கவேண்டும். சோடியில்லாத ஒன்று பாதி விந்துகளுக்கோ முட்டைகளுக்கோதான் போய்ச்சேரும். அதோடு சிறிதளவு தீங்கும் சேர்ந்தால், தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து மறைந்துவிடவேண்டும். மறையவில்லை. ஏனென்றால் பல பீ நிறமூர்த்தங்கள் சரிபாதிப் பங்கோடு நின்றுவிடுவதில்லை.

முட்டை இருக்கும் பக்கம்

பங்கீடு சமமாக இருந்தாலும், பங்கு போகும் இடங்கள் எப்போதும் சமமானவை அல்ல. ஆணின் ஒடுக்கற்பிரிவில் உருவாகும் நான்கு கலங்களும் விந்துகளாகும். பெண்ணில் நான்கில் ஒன்றுதான் முட்டையாகும். மற்றவை முனைவுடல்கள் எனப்படும் சிறு கழிவுகளாக ஒதுங்கிவிடும். முட்டைப் பக்கம் போன நிறமூர்த்தத்துக்கு அடுத்த தலைமுறை உண்டு. மறுபக்கம் போனதன் கதை அத்துடன் முடிந்தது.

பிரித்தானியாவில் வாழும் மிர்மெலியோடெட்டிக்ஸ் மகுலாட்டஸ் என்ற சிறு வெட்டுக்கிளியில் கொட்ஃப்ரி ஹியூவிட் என்ற ஆய்வாளர் இதை நேரிலேயே பார்த்தார். முட்டையாக்கக் கலத்தில் கதிரின் இரண்டு பக்கங்களும் சமமாக இருக்கவில்லை. முட்டையாகப்போகும் பக்கம் நீளமாக இருந்தது. ஏ நிறமூர்த்தங்கள் எல்லாம் நடுவில் வரிசையாக நிற்க, பீ நிறமூர்த்தம் பெரும்பாலும் அந்த நீண்ட பக்கத்தில் கிடந்தது. அதனால் பாதிக்கும் அதிகமான முட்டைகளில் அது இடம்பிடித்தது.

வேறு சில வெட்டுக்கிளிகளில் வழி வேறு. கலிப்டாமஸ் என்ற வெட்டுக்கிளியில் உசி நூர் என்ற ஆய்வாளர் 1963இல் விபரித்தது இழையுருப்பிரிவில் நடக்கும் தந்திரத்தை. வளரும் உடலின் கலங்கள் பிரியும்போது பீ நிறமூர்த்தத்தின் இரண்டு பிரதிகளும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடும். ஒரு கலத்தில் இரண்டு, மற்றதில் ஒன்றும் இல்லை. பின்னாளில் விந்தை உருவாக்கப்போகும் கலங்களில் அவை இப்படிச் சேர்ந்துகொண்டால், அடுத்த தலைமுறைக்குப் போகும் எண்ணிக்கையும் கூடிவிடும்.

வெண்மூட்டுப்பூச்சியின் தந்தைவழி

இனி பப்பாசி இலையில் நாம் சந்தித்த குழுவுக்கு வருவோம். வெண்மூட்டுப்பூச்சிகளில் ஆண்பூச்சி, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் நிறமூர்த்தங்களைப் பெற்றுத்தான் உருவாகிறது. ஆனால் முளையப் பருவத்திலேயே தந்தையிடமிருந்து வந்த தொகுதி முழுவதும் இறுகிச் சுருங்கி, பெரும்பாலும் செயலற்றதாகிவிடும். அந்த ஆண் வளர்ந்து விந்தை உருவாக்கும்போது இறுகிய தொகுதி ஒரு பக்கமும் இறுகாத தாய்வழித் தொகுதி மறுபக்கமும் போகும். தாய்வழித் தொகுதி போன கலங்கள் மட்டுமே விந்தாகும். மற்றவை அழிந்துவிடும். ஆக, ஓர் ஆண் வெண்மூட்டுப்பூச்சி தன் தந்தையிடமிருந்து பெற்ற எதையும் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. தாய் கொடுத்ததையே கடத்துகிறது.

சூடோகொக்கஸ் விபர்னி என்ற வெண்மூட்டுப்பூச்சியில் ஒரு பீ நிறமூர்த்தம் உண்டு. உசி நூர்தான் இதையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஆண்பூச்சியின் உடலில் இந்த பீயும் இறுகியே இருக்கும். இறுகியதெல்லாம் அழியும் என்ற விதிப்படி இதுவும் அழியவேண்டும். ஆனால் விந்தாக்கப் பிரிவு தொடங்குவதற்குச் சற்று முன் அது தன் கட்டைத் தளர்த்திக்கொள்கிறது. தளர்ந்ததும் தாய்வழித் தொகுதியோடு சேர்ந்து அதே முனைக்குப் போகிறது. தந்தையிடமிருந்து வந்ததாக இருந்தாலும் அதுவும் பெரும்பாலான விந்துகளில் ஏறிவிடுகிறது. பிரிக்கும் இடத்தில் எந்தப் பக்கம் நின்றால் பிழைக்கலாமோ அந்தப் பக்கத்தின் தோற்றத்தை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லலாம். அதற்கு மூளையும் இல்லை, திட்டமும் இல்லை. தளராத பீக்கள் மறைந்துபோயின, தளர்ந்தவை மிஞ்சின. அவ்வளவுதான்.

மகளை மகனாக்கும் குளவி நிறமூர்த்தம்

இதுவரை சொன்னவை பங்கீட்டில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்பவை. நசோனியா என்ற குளவியில் உள்ள பீ நிறமூர்த்தம் மற்றவர்களின் பங்கையே இல்லாமலாக்குகிறது.

நசோனியா இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீளமான குளவி. இலையான்களின் கூட்டுப்புழுக்களில் முட்டையிடும். எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. கருக்கட்டிய முட்டை மகளாகும், கருக்கட்டாத முட்டை மகனாகும். நசோனியாவில் மகளுக்குத் தாயிடமிருந்து 5, தந்தையிடமிருந்து 5 என 10 நிறமூர்த்தங்கள். மகனுக்குத் தாயின் 5 மட்டுமே. அவனுக்குத் தந்தையே இல்லை.

1980களில் ஜோன் வெரனும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து கிடைத்த சில நசோனியா ஆண்களில் ஒரு புதுமையைக் கண்டார்கள். அந்த ஆண்களோடு சேர்ந்த பெண்களின் முட்டைகள் கருக்கட்டின. ஆனால் மகன்களே பிறந்தார்கள். 1988இல் உசி நூர், வெரன் உள்ளிட்டோர் காரணத்தை வெளியிட்டார்கள். அந்த ஆண்களின் விந்தில் 5 நிறமூர்த்தங்களோடு ஒரு சிறிய பீயும் இருந்தது. ஆங்கில முதலெழுத்துகளால் அதற்கு பீஎஸ்ஆர் என்று பெயர்.

நடப்பது இதுதான். விந்து முட்டைக்குள் நுழைகிறது. முளையத்தின் முதலாவது கலப்பிரிவுக்கு எல்லாம் தயாராகும்போது, தந்தையின் 5 நிறமூர்த்தங்களும் தனித்தனியாக உருவெடுக்க முடியாமல் ஒரே கட்டியாகக் குழைந்துபோகின்றன. அந்தக் கட்டி பிரிவில் கலந்துகொள்ளாமல் அழிகிறது. அதே விந்தில் வந்த பீஎஸ்ஆர் மட்டும் தப்பி, தாயின் 5 நிறமூர்த்தங்களோடு ஒழுங்காகப் பிரிகிறது. மகளாகவேண்டிய முட்டை இப்போது தாயின் 5 நிறமூர்த்தங்களும் பீஎஸ்ஆரும் கொண்ட மகனாகிறது. அவன் வளர்ந்து தன் விந்தில் பீஎஸ்ஆரைக் கடத்துவான். அவனுடைய 5 நிறமூர்த்தங்களுக்கும் அதே கதிதான். தன்னைச் சுமந்துவந்த நிறமூர்த்தங்களை ஒவ்வொரு தலைமுறையிலும் அழித்துவிட்டு, பீஎஸ்ஆர் புதிய தாயொருத்தியின் நிறமூர்த்தங்களோடு குடியேறுகிறது.

அழிவு எதனால் நடக்கிறது என்பது அண்மைக்காலத்தில்தான் தெளிவானது. பீஎஸ்ஆரில் உள்ள ஒரு பரம்பரை அலகு இதற்குத் தேவை என்பதை 2020இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. ஹாப்லொடைசர் என்று அதற்குப் பெயரிட்டார்கள். தந்தைக் குளவியில் அந்த அலகின் செயற்பாட்டை அடக்கியபோது தந்தையின் நிறமூர்த்தங்கள் தப்பின, மகள்கள் பிறந்தார்கள். பீஎஸ்ஆரின் டிஎன்ஏயில் உள்ள சில பகுதிகள் வேறொரு பேரினக் குளவியின் டிஎன்ஏயோடு நெருக்கமாக ஒத்திருப்பதால், அது எப்போதோ அங்கிருந்து வந்து புகுந்ததாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏன் எல்லாம் அழிந்துபோகவில்லை?

பீஎஸ்ஆர் எல்லா ஆண்களிலும் பரவினால் மகள்களே பிறக்கமாட்டார்கள். மகள்கள் இல்லாவிட்டால் பீஎஸ்ஆருக்கும் அடுத்த குடியிருப்பு இல்லை. பெண் குளவிகள் போதிய அளவு இருந்து, அவற்றின் முட்டைகள் பெருமளவு கருக்கட்டும் இடங்களில் மட்டுமே அது நிலைக்கமுடியும்.

சில இடங்களில் ஒரு தீங்கு இன்னொரு தீங்கைக் கட்டுப்படுத்தியும் வைக்கிறது. டெங்குவைக் குறைக்கும் முயற்சியாக 2020இல் கொழும்பில் வொல்பாக்கியா என்ற பற்றீரியாவைச் சுமந்த நுளம்புகள் விடப்பட்டதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வாழும் ட்ரைக்கோகிராமா கய்காய் என்ற குளவியில் வொல்பாக்கியா செய்யும் வேலை வேறு. கருக்கட்டாத முட்டைகளையும் அது பெண்களாக்கிவிடும். அதே குளவியில் பீஎஸ்ஆர் போன்ற ஒரு பீ நிறமூர்த்தமும் உண்டு. கருக்கட்டிய முட்டைகளை அது ஆண்களாக்கும். பற்றீரியா அந்த இனம் முழுவதையும் பெண்களாக்கிவிடாமல் இருப்பதற்கு இந்த நிறமூர்த்தம் ஒரு காரணம் என்று 2001இல் வெளியான ஆய்வு விளக்கியது.

உயிரினத்தின் வழமையான நிறமூர்த்தங்களும் சும்மா இருப்பதில்லை. ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில் தொரோக்ஸ் என்ற இடத்தில் வாழும் ஐப்ரெப்போக்னெமிஸ் புளோரன்ஸ் என்ற வெட்டுக்கிளியை கிரனாடா பல்கலைக்கழகத்தின் ஹுவான் பெட்ரோ கமாச்சோவும் குழுவினரும் நீண்டகாலம் கவனித்தார்கள். அங்கே இருந்த பழைய பீ வகை ஒன்றின் இடத்தைப் புதிய வகை ஒன்று பிடித்தது. 1992இல் அந்தப் புதிய வகை ஏறத்தாழ 70 வீதமான முட்டைகளுக்குப் போய்ச்சேர்ந்தது. அதே தசாப்தம் முடிவதற்குள் அந்த அளவு 50 வீதத்தை நெருங்கிவிட்டது. பீயின் கூடுதல் பங்கைத் தடுக்கும் தன்மை கொண்ட வெட்டுக்கிளிகள் பெருகியதே அதற்குக் காரணம் என்கிறது ஆய்வு. சரிபாதி மீண்டது. ஆனால் அந்த பீ மெல்ல மறைவதற்குள் இன்னொரு புதிய வகை தோன்றினால் எல்லாம் மறுபடி தொடங்கும்.

இதற்கு நடைமுறைப் பெறுமதியும் உண்டு. பயிர்ப் பீடைகளைக் கொல்வது பெண் ஒட்டுண்ணிக் குளவிகள்தான். முட்டையிடாத ஆண் குளவியால் ஒரு பூச்சியையும் கட்டுப்படுத்தமுடியாது. குளவிகளை வளர்த்து வயலில் விடுபவர்களுக்கு ஆண், பெண் விகிதம் எதனால் குலைகிறது என்று தெரிந்திருப்பது விளைச்சலோடு சம்பந்தப்பட்ட விடயம்.

பள்ளிக்கூடத்தில் கூர்ப்பைப் படிக்கும்போது, உடலுக்கு உதவுவதே நிலைக்கும் என்ற எண்ணம் எப்படியோ மனதில் பதிந்துவிடுகிறது. அதையே மனிதர்மேல் ஏற்றி, நிலைத்திருப்பதெல்லாம் தகுதியானது, தலைமுறை தலைமுறையாக வந்ததெல்லாம் ஏதோ ஒரு நன்மைக்காக வந்தது என்று பேசுபவர்களும் உண்டு. வெண்மூட்டுப்பூச்சியின் பீயும் குளவியின் பீஎஸ்ஆரும் அந்தப் பேச்சுக்கு நேரான மறுப்பு. அவை நிலைத்திருப்பது யாருக்கும் உதவியதால் அல்ல, கடத்தப்படும் வழியொன்றைப் பிடித்துக்கொண்டதால். சரிபாதிப் பங்கீடும் தானாக நிலைப்பதில்லை. கும்பிடுபூச்சியின் கலம் மணிக்கணக்காகக் காத்திருந்து காக்கிறது. தொரோக்ஸ் வெட்டுக்கிளி பல தலைமுறைகள் எடுத்து அதனை மீட்கிறது.